சிஸ்டரைக் கேளுங்கள்: யோகா பாய் வாங்கும் முன் பாத்ரூமைப் பாருங்கள்

வேலையிட ஆரோக்கியம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வடசென்னைத் தொழிற்சாலை ஒன்றின் முதலுதவி அறையில் நர்ஸாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

மாதவரம் பக்கம் ஒரு குடோனில் ஹெச்.ஆர். வேலையில் சேர்ந்திருக்கிறேன். ஊழியர்கள் 180 பேர், பாதிக்கு மேல் கான்ட்ராக்ட். 'ஊழியர் நலனுக்கு ஏதாவது செய்யுங்கள்' என்று நிர்வாகம் இரண்டு லட்சம் ஒதுக்கியிருக்கிறது. யோகா வகுப்பு, நடைப் போட்டி, ஒரு மொபைல் ஆப் என்று திட்டம் போட்டிருக்கிறேன். சரிதானா சிஸ்டர்?
— வாசகர், மாதவரம்

தம்பி, அந்தத் திட்டத்தை ஒரு வாரம் டிராயரில் வையுங்கள். அந்த வாரம் குடோன் முழுக்க நீங்கள் நடங்கள். உங்கள் நடைப் போட்டி அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் பெண்கள் பாத்ரூம். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட மூடியுள்ள டப்பா இருக்கிறதா, பேக்கிங் டேபிளிலிருந்து போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது, போகும்போது சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டுமா. கடைசிக் கேள்விதான் முக்கியம். 'நீர்க்கடுப்பு சிஸ்டர், மாத்திரை குடுங்க' என்று என் அறைக்கு வரும் பெண்களிடம், காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்றுதான் முதலில் கேட்பேன். 'குடிச்சா போகணுமே சிஸ்டர்' என்பார்கள். ஒரு ஆம்பளை சூப்பர்வைசரிடம் போய், பத்துப் பேர் முன்னால், பாத்ரூம் போகணும் என்று சொல்லக் கூச்சப்பட்டு நாள் முழுக்கத் தொண்டை காய உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு நான் கொடுத்த மாத்திரை அந்த வாரத்துக்குத்தான். அடுத்த மாதம் அதே பெண் திரும்பி வருவாள். சிறுநீரகத்தில் கல் வரைக்கும் போனவர்கள் உண்டு. இதற்கு எந்த ஆப் வைத்திருக்கிறீர்கள்?

அடுத்தது குடிதண்ணீர். குடிக்கும் இடம் கழிப்பறையிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். உங்கள் குடோன் தொழிற்சாலைக் கணக்கில் வருமா வராதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் டேப் எடுத்து அளந்து பாருங்கள். கேன் தண்ணீர் ஆபீஸ் ஆட்களுக்கும், குழாய்த் தண்ணீர் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் என்று இருந்தால் அதை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 'ஊழியர் நலன்' என்ற பேச்சில் கான்ட்ராக்ட் ஆட்கள் விட்டுப்போவது இங்கே சர்வசாதாரணம். மூட்டை தூக்குவதும் அவர்கள்தான், இடுப்பு பிடித்துக்கொள்வதும் அவர்களுக்குத்தான். கேட்டில் 12 மணி நேரம் நிற்கிற செக்யூரிட்டி அண்ணன் எப்போது சாப்பிடுகிறார் என்றும் கேளுங்கள். அவர் சாப்பிடும்போது கேட்டைப் பார்க்க யாரும் இல்லையென்றால், அவர் சாப்பிடுவதில்லை என்று அர்த்தம்.

இதையெல்லாம் செய்த பிறகும் பணம் மீதி இருக்கும். பி.பி., சுகர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அதற்குச் செலவுகூட ஆகாது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வீடுகளுக்கு வந்தது, இப்போது வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசுங்கள். ஒன்று மட்டும்: ரிசல்ட் அந்தந்த ஆளின் கைக்குத்தான் போக வேண்டும், உங்கள் மேஜைக்கு வரக் கூடாது. 'சுகர் இருக்குன்னு தெரிஞ்சா கான்ட்ராக்டர் நிறுத்திடுவான்' என்று பயந்து ரத்தம் கொடுக்காமல் நழுவியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பயம் தப்பும் இல்லை.

அப்புறம் யோகா. வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் டியூட்டி நேரத்துக்குள் வையுங்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரைப் பிடித்து சவாசனம் போடச் சொன்னால் அவர் மனம் பஸ் ஸ்டாப்பில் வண்டியைத் தேடிக்கொண்டிருக்கும்.

எம்.சி. ரோட்டில் துணிக்கடையில் சேல்ஸ் கேர்ளாக இருக்கிறேன். காலை பத்து மணிக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை. உட்கார்ந்தால் 'கஸ்டமர் என்ன நினைப்பாங்க' என்று மேனேஜர் கத்துகிறார். சாயங்காலம் கால் வீங்கி, செருப்பு நுழைவதில்லை. பின்னங்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு தெரிகிறது. வேலையை விடவும் முடியாது.
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

கண்ணு, உட்காருவது உனக்கு யாரும் போடும் பிச்சை இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் கொண்டுவந்து 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் உட்கார வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காரலாம் என்கிறது அது. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி 2018-லேயே வாங்கிவிட்டார்கள். நமக்குச் சட்டம் வந்துவிட்டது, பல கடைகளுக்கு ஸ்டூல்தான் இன்னும் வந்து சேரவில்லை.

உன் காலில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற வேண்டும். அதை ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதை. நம் தெருமுனை அடிபம்பு மாதிரிதான்: கை அசைந்தால்தான் தண்ணீர் ஏறும். நடந்தால் சதை அசையும், ரத்தம் ஏறும். ஒரே இடத்தில் நின்றால் அடிக்க ஆளில்லை, ரத்தம் கீழேயே தேங்கும். நாளாக ஆக, நீ நரம்பு என்று சொல்கிற அந்த ரத்தக் குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் பழுதாகி, நீ பார்க்கிற மாதிரி சுருண்டு வெளியே தெரியும். இதைத்தான் வெரிகோஸ் என்பார்கள்.

நாளைக்கே செய்யக்கூடியது: கவுன்டருக்குப் பின்னால் நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. யாருக்கும் தெரியாது. ஒரு காலை மட்டும் மாற்றி மாற்றித் துணிக்கட்டின் மேல் வை. தட்டைச் செருப்பை விட்டு, குதிகாலில் கொஞ்சம் மெத்தென்று இருப்பதைப் போடு. வீட்டுக்குப் போனதும் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படு. இறுக்கமான காலுறை உதவும், ஆனால் எந்த அளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். லீவு நாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டிவிடு. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் லீவு நாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அது ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே போ.

மேனேஜரிடம் எப்படிப் பேசுவது? தனியாகப் போகாதே. நான்கைந்து பேராக, கூட்டம் இல்லாத நேரத்தில், மதியம் மூன்று மணி வாக்கில் போங்கள். சட்டத்தை நீட்டி ஆரம்பித்தால் அவர் முறுக்கிக்கொள்வார். 'கஸ்டமர் இல்லாதப்ப மட்டும் ஸ்டூல்ல உக்காந்துக்கறோம் சார், வந்தா எழுந்துக்கறோம்' என்று சொல்லுங்கள். பெரும்பாலும் முதலாளிக்கு இதில் ஆட்சேபணை இருக்காது, மேனேஜருக்குத்தான் இருக்கும். ஒன்றும் நடக்கவில்லையென்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாம். எந்தக் கடை என்று நீயும் எழுதவில்லை, நானும் கேட்கப்போவதில்லை.

ஆடி, தீபாவளி சமயங்களில் கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை: துணி வாங்க வரும் நாங்கள் யாரும், அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள் என்பதற்காகப் புடவையை வைத்துவிட்டுப் போனதில்லை.

மரத்தூள், சிமென்ட் தூசியில் வேலை செய்தால் வெல்லமோ வாழைப்பழமோ சாப்பிட்டால் நெஞ்சில் உள்ள தூசி இறங்கிவிடும் என்கிறார்களே?
— வாசகர், கொடுங்கையூர்

இறங்காது. வாழைப்பழம் போவது வயிற்றுக்கு, தூசி இருப்பது நுரையீரலில். இரண்டுக்கும் வழி வேறு. வெல்லம் தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற தூசியைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் உள்ளே போய் உட்காரும். கல், கான்கிரீட் அறுக்கும்போது வரும் சிலிக்கா தூசி நுரையீரலைத் தழும்பாக்கிவிட்டால் அதைத் திருப்ப மருந்து கிடையாது. தண்ணீர் தெளித்து அறுப்பது, தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சும் எக்ஸாஸ்ட் வைப்பது, அதற்கு மேல் மூக்கோடு ஒட்டிப் பொருந்தும் என்-95 மாஸ்க். தோளில் கிடக்கும் துண்டு வியர்வை துடைக்க மட்டும்தான்.

என் வீட்டுக்காரர் எண்ணூர் பக்கம் ஒரு பிளான்டில் ஷிப்ட் வேலை. வாரா வாரம் மாறும். நைட் முடித்து வந்தால் பகலில் தூக்கமே இல்லை, எரிந்து விழுகிறார். பிள்ளைகளே அப்பா பக்கம் போவதில்லை. டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார், பயமாக இருக்கிறது.
— வாசகி, திருவொற்றியூர்

அம்மா, அவர் கெட்டவராக மாறவில்லை, தூங்காதவராக மாறியிருக்கிறார். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. ராத்திரி முழுக்க விழித்துவிட்டு விடியற்காலை வெயிலைப் பார்த்தபடி வீட்டுக்கு வந்தால், பகல் வந்துவிட்டது எழுந்திரு என்று அது சொல்லும். அதனால் வரும் வழியில் கூலிங் கிளாஸ் போடச் சொல்லுங்கள். தெருவில் கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும்.

வீட்டில் ஒரு அறைதான் என்றால், ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் துணி. ஃபேன் ஓடட்டும், அந்தச் சத்தம் வெளிச் சத்தத்தை மறைக்கும். போன் அணைத்து உங்களிடம் இருக்கட்டும். கோவில் ஸ்பீக்கரை நான் ஒன்றும் செய்ய முடியாது, ஆடி மாதம் முழுக்க நானே அவஸ்தைப்பட்டவள். காதில் வைக்கும் பஞ்சு போன்ற இயர் பிளக் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும்.

டீ விஷயத்தில் கறாராக இருங்கள். எட்டு மணிக்குப் படுக்கப்போகிறவர் கடைசி டீயை ராத்திரி இரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், ஷிப்ட் முடித்து கேட் வாசலில் ஆளோடு ஆளாக அடிக்கும் டீ கூடவே கூடாது. நடுராத்திரி பிரியாணியும் வேண்டாம், இரண்டு இட்லியோ சப்பாத்தியோ போதும். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், நைட் ஷிப்ட் வாரத்தில் எந்த நேரத்துக்குச் சாப்பிடுவது என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை எழுதிய டாக்டரிடமும் ஷிப்ட் கதையை முழுக்கச் சொன்னீர்களா? சொல்லாமல் வாங்கியிருந்தால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

இவ்வளவும் அவர் செய்ய வேண்டியது. கம்பெனி செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஷிப்ட் மாற்றும் வரிசை. காலை, மதியம், ராத்திரி என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு ஒத்துக்கொள்ளும். ராத்திரி, மதியம், காலை என்று பின்னோக்கிப் போட்டால் திணறும். நேரத்தைத் தள்ளித் தூங்குவது எளிது, முன்னால் இழுத்துத் தூங்குவது கஷ்டம். ரோஸ்டர் போடுகிறவருக்கு இதில் ஒரு ரூபாய் செலவு கிடையாது, பழக்கத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். தொழிற்சங்கத்தில் சொல்லி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பைக். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே விடியற்காலையில் கண் சொருக வண்டி ஓட்டுவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கிளம்பும் முன் ரெஸ்ட் ரூமில் இருபது நிமிடம் கண்ணை மூடிவிட்டு வரட்டும். லேட்டாக வந்தால் திட்டாதீர்கள்.

வியாசர்பாடியில் சின்ன லேத், பிரஸ் பட்டறை வைத்திருக்கிறேன். பதினான்கு பேர். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். போன மே மாதம் ஒரு பையன் மயங்கி விழுந்துவிட்டான். தினமும் கூல்டிரிங்க்ஸ் வாங்கிக் கொடுத்தேன், அப்படியும்.
— வாசகர், வியாசர்பாடி

வாங்கிக் கொடுக்கும் மனசு இருக்கிறது, அதை நல்ல வழியில் திருப்புவோம். கூல்டிரிங்க்ஸ் வேண்டாம், அதில் சர்க்கரைதான். தண்ணீர், நீர்மோர், கஞ்சித் தண்ணீர். தாகம் எடுக்கும்போது குடிப்பது என்று விடாமல், இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். சென்னை வெயிலின் குணம் வேறு. வேலூரில் வியர்வை காய்ந்து உடம்பைக் குளிர வைக்கும். இங்கே கடல் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், சூடு உள்ளேயே நிற்கும். அதனால் தெர்மாமீட்டரில் 37 டிகிரிதானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

அந்தப் பையன் புதிதாகச் சேர்ந்தவனா, அல்லது ஊருக்குப் போய்விட்டு வந்தவனா? பெரும்பாலும் விழுவது அவர்கள்தான். உடம்பு சூட்டுக்குப் பழக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். புது ஆளுக்கு முதல் நாள் சூடான இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் போதும், அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். 'இளவட்டம், தாங்குவான்' என்று முதல் நாளே ஃபர்னஸ் பக்கம் நிறுத்தாதீர்கள். பாரமான வேலையைக் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பதினோரு மணிக்குள் முடியுங்கள். கூரைக்கு மேல் வெள்ளைக் கூலிங் பெயின்ட் அடியுங்கள், சூடு வெளியேறக் காற்றில் சுற்றும் டர்பைன் வென்டிலேட்டர் பொருத்துங்கள். ஷீட்டில் ஓட்டை போடுவதற்கு முன் ஒன்று: ஆஸ்பெஸ்டாஸை உலர்வாக அறுத்தால் வரும் தூசி நுரையீரலுக்கு விஷம். தெரிந்த ஆளை வைத்து, நனைத்துச் செய்யுங்கள்.

மறுபடி யாராவது விழுந்தால்: பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெறும் மயக்கம் இல்லை, வெப்ப வாதம், ஹீட் ஸ்ட்ரோக் என்பார்களே அது. 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை காத்திருக்காமல் நிழலில் போட்டு, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ். நினைவில்லாதவர் வாயில் சோடா ஊற்றும் நல்லவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-லேயே மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. பட்டறைகளும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பதினான்கு பேர் என்கிறீர்கள், இ.எஸ்.ஐ. கட்டுகிறீர்களா? மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. அயனாவரம் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. ஆள் படுத்துவிட்டால் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை இ.எஸ்.ஐ.யிலிருந்து கொடுப்பார்கள். இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

கூலியைக் கூட்டிக் கொடு என்றால் யோகா பாய் கொடுக்கிறார்கள். இந்த 'வெல்னஸ்' எல்லாம் கம்பெனிகள் போடும் வேஷம்தானே?
— தொழிற்சங்கத் தோழர், ராயபுரம்

பாதி வேஷம் என்று நானும் சொல்வேன். மீதிப் பாதியை நீங்கள் ஏன் விட்டுக்கொடுக்கிறீர்கள் தோழர்? 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, பி அண்ட் சி துணி மில் தொழிலாளிகள், சங்கத்தின் முதல் தலைவர் பி.பி. வாடியாவிடமும் திரு.வி.க.விடமும் சொல்லி அழுத குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. கை கழுவி, வரிசையில் நின்று, அள்ளி விழுங்கிவிட்டு ஓட வேண்டியிருந்தது. சாப்பாட்டு நேரம் கூலிப் பிரச்சினையா, ஆரோக்கியப் பிரச்சினையா? அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. இன்று உங்கள் கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்கு அடுத்து ஷிப்ட் வரிசை, பாத்ரூம், சத்தம் என்று ஏதாவது இருக்கிறதா? கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்தின் சத்தம் காதைக் கெடுக்கும் அளவு. அதை அளக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாயை அவர்கள் கொடுக்கட்டும், படுக்க நேரத்தை நீங்கள் வாங்குங்கள்.

பாரிமுனையில், கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. ராத்திரி பதினொன்றுக்கும் வாட்ஸ்அப்பில் 'பில் ஃபைல் பண்ணியாச்சா?' என்று கேட்பார்கள். போன் ஒலித்தாலே நெஞ்சு அடைக்கிறது. வயது 41.
— வாசகர், தண்டையார்பேட்டை

முதலில் ஒரு இ.சி.ஜி. எடுங்கள். நாற்பது தாண்டியவர் நெஞ்சு அடைக்கிறது என்றால் டென்ஷன் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. இதயத்தில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு மீதியைப் பேசலாம்.

கப்பல் நம் தூக்கத்துக்காகக் காத்திருக்காது, உண்மை. ஆனால் ஆபீஸில் ஆறு பேர் இருந்தால் ஆறு பேர் போனும் ஏன் ஒலிக்க வேண்டும்? வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, அந்த ஒருவர் மட்டும் ராத்திரி பதில் சொல்வது, மறுநாள் அவர் தாமதமாக வருவது. இதை உங்கள் முதலாளியிடம் வேலை கெடாமல் நடக்கும் வழி என்று சொல்லுங்கள், ஓய்வு என்று சொன்னால் காது கேட்காது. தூக்கம் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசின் மனநல ஆலோசனை போன், டெலி மனஸ், எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டாம்.

எங்கள் கேன்டீனில் நாலு மணி பஜ்ஜியை நிறுத்திவிட்டு முளைகட்டிய பயறு போட்டார்கள். தொழிலாளர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கேன்டீன் கமிட்டியில் இருக்கிறேன், என்ன செய்ய?
— வாசகர், மணலி

பஜ்ஜியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற நாளில் சுண்டல், நல்ல தாளிப்போடு, தேங்காய், மாங்காய் போட்டு. பச்சைப் பயறை முளைகட்டி அப்படியே நீட்டினால் நானும் சண்டைக்கு வருவேன். சட்டியில் இருக்கும் எண்ணெயை எத்தனை நாள் திருப்பித் திருப்பிக் காய்ச்சுகிறார்கள் என்று கமிட்டி பார்க்கட்டும். உணவுப் பாதுகாப்பு விதிப்படி காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து சேரும் போலார் காம்பவுண்ட் 25 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும், அதைப் பார்க்க மீட்டர் இருக்கிறது. மீட்டர் வாங்கும் வரை, கறுத்து, நுரைத்து, காயும் முன்பே புகைகிற எண்ணெயைக் கண்ணால் பார்த்தே ஒதுக்கலாம். மதியச் சாப்பாட்டில் சோறு அளவில்லாமலும் கூட்டு ஒரு கரண்டியும் என்று இருக்கிறதல்லவா, கூட்டை இரண்டு கரண்டி ஆக்குங்கள். மாஸ்டர் கணக்குப் பார்ப்பார். காய்கறிக்கான கூடுதல் பணத்தை நிர்வாகத்திடம் எழுதிக் கேட்பது உங்கள் வேலை.